வடகரை வார்டு தெற்கே போனபோது

பாண்டிதுரை ராணுவத்திலிருந்து திரும்பி வந்தபோது அவருக்கென்று இருந்தவை ஒரு தகரப் பெட்டி, ஒரு தங்கை, அந்தத் தங்கையின் மகள். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் அப்படியே நின்றுவிட்டது. அதைப் பற்றி அவர் குறைப்பட்டு யாரும் கேட்டதில்லை. இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வாசல் காவலர்களை மேற்பார்வை செய்யும் வேலை கிடைத்தது. மில்லுக்குப் பின்னால் ஓர் அறை கொடுத்தார்கள். விடுப்பு கிடைத்தால் டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தங்கை ஈஸ்வரி வீட்டுக்குப் போய்விடுவார். ஈஸ்வரியின் கணவன் விக்னேஸ்வரன் சிமெண்ட் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி அவனுக்கு ரோட்டில்தான் போகும்.

அவர்கள் மகள் சிவரஞ்சனி பிறந்த சேதி வந்தபோது பாண்டிதுரை வடக்கே ஒரு பனிமலை முகாமில் இருந்தார். சிக்னல் கிடைக்கும் பாறை மேட்டில் ஏறி நின்று வீடியோ காலில் பிள்ளையைப் பார்த்தார். உதடும் விரல் நகங்களும் நாவல்பழம் தின்ற மாதிரி நீலமாகத் தெரிந்தன.

"போன்ல கலர் சரியில்ல போல" என்றார்.

ஈஸ்வரி போனைப் பக்கத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

பிள்ளையின் இதயத்துக்குள் இருக்கும் சுவரில் ஓர் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் குழாயும் சுருங்கிப் போயிருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோதே மதுரையில் சின்ன ஆபரேஷன் ஒன்று செய்து தற்காலிகமாக ஒரு வழி பண்ணி வைத்தார்கள். அந்தக் குழாய் கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் பெரிய ஆபரேஷன் செய்ய முடியும், அதுவரை தவறாமல் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பாண்டிதுரை பட்டாளத்தை விட்டு ஊருக்கு வந்தபோது சிவரஞ்சனிக்கு நாலு வயது. மாமா என்று ஒருவர் இருப்பது அவளுக்குப் பெரும்பாலும் போன் வழியாகத்தான் தெரியும். அந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் ஈஸ்வரிக்குக் காய்ச்சல். மதுரைக்கு நான் கூட்டிப் போகிறேன் என்று அவரே கிளம்பினார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், தூக்கிக்கொள்ளவா என்று அவர் கேட்டதற்கு அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு நடந்தாள். கொஞ்ச தூரத்தில் மூச்சு முட்டியது. நட்டநடு வழியில் குத்தவைத்து உட்கார்ந்தாள். இந்த மாதிரி இதயம் உள்ள பிள்ளைகளுக்கு அப்படி உட்கார்ந்தால்தான் நெஞ்சு ஆசுவாசப்படும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவர்களாகவே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

பின்னால் பூக்கூடையோடு வந்த ஒரு பொம்பளை, "ஏய்யா, புள்ளைய நடுவழியில உக்கார வச்சுட்டு வேடிக்க பாக்கிறீகளா?" என்று சத்தம் போட்டாள். பாண்டிதுரையும் சிவரஞ்சனிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய உருவம் தரையோடு தரையாக உட்காருவதைப் பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்தது.

"மாமா, உங்களுக்கும் மூச்சு வாங்குதா?"

"ஆமா பாப்பா."

"செத்த நேரம் இருங்க. சரியாப் போயிரும்" என்று அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து மதுரைக்குப் போவது அவர்கள் இருவரின் காரியமாயிற்று. ஈஸ்வரி பேண்டேஜ் துணி யூனிட்டில் வேலைக்குப் போனாள். மாமாவும் மருமகளும் செங்கோட்டை ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்து போய் வந்தார்கள்.

மதுரையில் அப்போது மூன்று ஆஸ்பத்திரிகளில் குழந்தைகளின் இதய வைத்தியம் நடந்தது. நம்ம பக்கத்து ஜனங்கள் அவற்றின் முழுப் பெயரைச் சொல்வதில்லை. வைகைக்கு வடக்கே இருந்தது வடகரை, தெற்கே இருந்தது தென்கரை, ஊருக்கு வெளியே இருந்தது பைபாஸ். ஒன்றில் ஸ்கேன், இன்னொன்றில் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை என்று பிரிந்து கிடந்தது. ஒரு பிள்ளைக்கு முழு வைத்தியம் முடிய மூன்றுக்கும் அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் வடகரை வார்டு என்றால் பெற்றவர்களுக்கு ஒரு தைரியம். காரணம், அங்கே இருந்த டாக்டர் சேதுபதியும் நர்ஸ் இருளம்மாளும்.

இருளம்மாள் வத்திராயிருப்புக்காரர். பிள்ளைகளோடு ஊர்ப் பேச்சுத்தான் பேசுவார். ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு வருகிற வழக்கம் அவரிடம் கிடையாது. "ஏட்டி ரஞ்சனி, இது வலிக்கும். எம்புட்டு வலிச்சுதுன்னு பொறவு எனக்குச் சொல்லணும்" என்பார். சிவரஞ்சனி கையை நீட்டிவிட்டு, முடிந்ததும், "கொஞ்சூண்டு" என்றோ "ரொம்ப" என்றோ கணக்காகச் சொல்லுவாள். ரொம்ப என்று சொன்ன நாளில் இருளம்மாள் அவளிடம் மன்னிப்புக் கேட்பார்.

சிவரஞ்சனி இரண்டாம் வகுப்புப் போன வருஷம், குழாய் போதுமான அளவு வளர்ந்துவிட்டது என்று டாக்டர் சேதுபதி சொன்னார். பெரிய ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார். விக்னேஸ்வரன் லாரி முதலாளியிடம் விடுப்புச் சொல்லி வைத்தான். ஈஸ்வரி பிள்ளைக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகளாகப் பார்த்துத் தைத்தாள்.

அந்த நேரத்தில்தான் பேச்சு கிளம்பியது. மூன்று ஆஸ்பத்திரியிலும் இருக்கும் குழந்தை இதயப் பிரிவுகளை ஒன்றாக்கித் தென்கரையில் வைக்கப் போகிறார்கள், வடகரை வார்டை மூடப் போகிறார்கள். வதந்தி என்று பாண்டிதுரை நினைத்தார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வந்தது. ஆபரேஷன் தேதி தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, புது இடத்தில் எல்லாம் தயாரானதும் சொல்வோம் என்றார்கள்.

ஈஸ்வரி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். "அந்த சிஸ்டர் முகத்தப் பாத்துத்தான்ணே நான் பிள்ளைய விட்டுட்டு நிம்மதியா வேலைக்குப் போறேன். புது எடத்துல யாரு என்னன்னு தெரியாம எப்படிண்ணே கொடுக்க?"

பாண்டிதுரைக்கும் கோபம் வந்தது. இராஜபாளையத்திலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வடகரைக்கு வந்துபோகும் பெற்றோர்களை அவருக்குப் பழக்கம். ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுப் பேசினார். நமக்குள்ள வாய் திறந்து பேசத் தெரிஞ்சவர் நீங்கதான், நீங்களே கேளுங்க என்றார்கள். நிர்வாகமும் பெற்றோர்களை ஒரு நாள் காலை வடகரை ஆஸ்பத்திரிக் கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தது.

கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் அதிகாரி ஒருவர் படம் போட்டு விளக்கினார். மூன்று இடத்தில் அரைகுறையாக இருப்பதை ஓரிடத்தில் முழுசாகச் செய்வது என்றார். நிபுணர்கள், கருவிகள், தீவிர சிகிச்சைப் படுக்கைகள் எல்லாம் ஒரே மாடியில் இருக்கும் என்றார். டாக்டர் சேதுபதி ஓரத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் பேசவில்லை.

பாண்டிதுரை எழுந்தார்.

"சார், நான் பட்டாளத்துக்காரன். மாத்தல்னா என்னன்னு எனக்குத் தெரியும். ஒரு எடத்துல பழகி, அங்க உள்ளவுகள நம்பி, காலு ஊணுற நேரத்துல மூட்டையக் கட்டுன்னுருவாங்க. நாங்க வளந்த ஆளுக, கட்டிக்கிட்டோம். இதுக பச்சப்பிள்ளைக. எம் மருமக ஊசின்னா கைய நீட்டுறா சார். ஏன் நீட்டுறா? இருளம்மா சிஸ்டர் போடுறாகன்னு நீட்டுறா. அந்தக் கையப் போயி முன்னப்பின்ன தெரியாதவுககிட்ட நீட்டச் சொன்னா எப்படி நீட்டும்? எங்களுக்கு இந்த வார்டு வேணும். மூடக் கூடாது."

கூடமே கை தட்டியது. பின்னால் இருந்து சிலர் மூடக் கூடாது, மூடக் கூடாது என்று முழங்கினார்கள். அதிகாரி தண்ணீர் குடித்தார்.

சத்தம் ஓய்ந்தபோது கடைசி வரிசையில் மெலிந்த ஆள் ஒருவர் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. எப்போது எழுந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"எம் பேரு வேல்சாமி. சிவகாசிப் பக்கம் ஆலங்குளம். சுண்ணாம்புக் குவாரில வேல" என்றார். "எம் பையனுக்கு இப்ப வைத்தியம் ஒண்ணும் பாக்கல. அவன் இல்ல."

முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்கனதான் ஆபரேசன் பண்ணுனாவ. நல்லாத்தான் பண்ணுனாவ. மறுநா மத்தியானம் அவன் நெஞ்சு ஒத்துழைக்கல. அதத் தாங்குத மிசினு தெங்கரையில இருந்துச்சு. ஆம்புலன்ஸ்ல ஏத்துனாவ. நானும் ஏறிக்கிட்டேன். அன்னிக்குத் திருவிழா. பாலத்துல அம்புட்டு சனம். போலீஸ்காரவுக எப்படியோ விலக்கி விலக்கிப் பாத்தாவ. சனங்களும் பாவம், ஒதுங்கத்தான் செஞ்சாவ. பாலம் தாண்டல."

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்தார். வேல்சாமி உட்காரவில்லை.

"நான் யாரையும் குத்தஞ் சொல்ல வரல. எல்லாம் ஒரே எடத்துல இருந்திருந்தா ஒரு கதவத் தள்ளிக்கிட்டுப் போயிருக்கலாம். இதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அதற்கு மேல் கூட்டம் நடக்கவில்லை. பாண்டிதுரை தன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கை தட்டிய ஜனம் அவரைப் பார்க்காமல் கலைந்தது.

திரும்பும் ரயிலில் வேல்சாமியைத் தேடிப் பெட்டி பெட்டியாகப் போனார். கடைசிப் பெட்டியில் கதவோரம் உட்கார்ந்திருந்தார். பாண்டிதுரை பக்கத்தில் உட்கார்ந்தார். திருமங்கலம் தாண்டியதும் கேட்டார்.

"பையன் பேரு என்ன?"

"கௌதம்ராஜ். அவன் அம்மா வச்ச பேரு."

பிறகு வேல்சாமி தானாகவே பேசினார். பையனுக்கு லாரி என்றால் உயிராம். குவாரிக்கு வரும் டிப்பர்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தானாம். விருதுநகர் வந்தது, போனது. சிவகாசியில் இறங்கி ஆலங்குளத்துக்குப் பஸ் பிடிக்க வேண்டியவர், ரயில் நின்றும் எழுந்திருக்கவில்லை.

"மூடுங்கன்னு சொன்னதும் நான்தான். ஆனா அந்த வார்டுல சன்னலோரக் கட்டில்லதான் அவன் கடைசியா எங்கூட வெளாண்டான். மதுரைக்கு வரும்போதெல்லாம் போயி வாசல்ல நின்னு அந்தக் கட்டில ஒரு தரம் பாத்துட்டு வருவேன். இருளம்மா சிஸ்டர் ஒண்ணும் கேக்க மாட்டாவ. இனி அதுவும் இருக்காது, என்ன?"

பாண்டிதுரை அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருவருமாக இறங்கினார்கள். அவரை வீட்டுக்குக் கூட்டிப் போய் ஈஸ்வரியிடம் சாப்பாடு போடச் சொன்னார். வேல்சாமி சாப்பிடும்போது சிவரஞ்சனி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நீல உதட்டை வேல்சாமி ஒரு முறை பார்த்தார். பிறகு கடைசி வாய் வரைக்கும் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் பாண்டிதுரை தனியாகப் போய் டாக்டர் சேதுபதியைப் பார்த்தார். "சார், நீங்க அன்னிக்கு ஒரு வார்த்தைகூடப் பேசலையே?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "வேல்சாமி பையனுக்கு ஆபரேஷன் செஞ்ச குழுவுல நானும் இருந்தேன். அன்னிக்கு ராத்திரியே இத ஒண்ணாக்கணும்னு மேல கேட்டேன். அதுக்கப்புறம் கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். நான் பேசியிருந்தா, பெத்தவங்க எனக்காகச் சரின்னு சொல்லியிருப்பாங்க. அப்படிச் சொல்ல வைக்க எனக்கு மனசில்ல."

"நீங்களும் அங்க வருவீகளா?"

"வருவேன். தலைமை எனக்குக் கிடையாது. ஆபரேஷன் செய்யப்போறது வேற டாக்டரம்மா. என்னைவிட நல்லாச் செய்வாங்க. சிஸ்டர்தான் வர மாட்டாங்க. அவங்கள இங்கயே வேற வார்டுக்குப் போட்டுட்டாங்க. நான் கேட்டுப் பார்த்தேன், நடக்கல."

பாண்டிதுரை சொன்னார்: "அப்பச் சரி சார். நான் எதுத்துப் பேச மாட்டேன். பட்டாளத்துல ஒரு கம்பெனி ஆளுகள எடம் மாத்தும் முன்னால, கொஞ்சப் பேர முன்னாடி அனுப்பி எடத்தப் பாத்துட்டு வரச் சொல்லுவாக. இந்தப் பிள்ளைகளையும் அப்படி ஒருக்கா கூட்டிட்டுப் போயிக் காட்டணும். சிஸ்டர் கூட வரணும்."

அதற்கு அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரி வேனில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இருளம்மாள் பாலம் கடந்து தெற்கே போனார். பாண்டிதுரையும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். புது வார்டில் சுவரெல்லாம் பெயிண்ட் வாசம். பிள்ளைகள் கட்டில்களில் ஏறி இறங்கினார்கள். சிவரஞ்சனி குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்தாள். ஆபரேஷன் அறைக் கதவு எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு அங்கே இருந்த இளம் நர்ஸிடம் போய் நின்றாள்.

"ஊசி போட்டா எம்புட்டு வலிச்சுதுன்னு கேப்பீகளா?"

அந்தப் பெண் விழித்தாள். இருளம்மாள் அவள் காதில் ஏதோ சொன்னார். "கேட்பேன்" என்றாள் அந்தப் பெண்.

"ரொம்பன்னா?"

"மன்னிப்புக் கேட்பேன்."

சிவரஞ்சனி திரும்பி மாமாவைப் பார்த்துத் தலையசைத்தாள். இருளம்மாள் சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் திரும்பினார்.

தேதி மறுபடி வந்தது. அன்று காலை விக்னேஸ்வரன் தூத்துக்குடியில் லோடு இறக்கிவிட்டு, சிமெண்ட் தூசி படிந்த சட்டையோடு நேரே வந்து சேர்ந்தான். ஆபரேஷன் அறைக் கதவு வரை மூவரும் போனார்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த சிவரஞ்சனி அப்பாவிடமும் அம்மாவிடமும் முத்தம் வாங்கிக்கொண்டாள். மாமாவைக் கிட்டே வரச் சொன்னாள்.

"அம்மா அழுவாக. அவுகளப் பாத்துக்கோங்க. அப்பா சாப்பிட்டிருக்க மாட்டாக."

"சரி பாப்பா."

"நீங்க அழக் கூடாது."

"அழல."

கதவு மூடியதும் அவர் அழுதார். விக்னேஸ்வரன் அவர் தோளைப் பிடித்து, "மச்சான், நீங்களே இப்படி நின்னா எப்படி?" என்று சொல்லிவிட்டு அவனும் அழுதான்.

பகல் போய்க்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு டாக்டர் சேதுபதி வெளியே வந்து, நல்லபடி முடிந்தது, தீவிர சிகிச்சைக்கு மாற்றிவிட்டோம் என்றார். ஈஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்து கும்பிட்டாள். விக்னேஸ்வரன் டீ வாங்கப் போனான். அவன் டீயோடு திரும்பும் நேரத்தில் உள்ளே ஆட்கள் ஓடினார்கள். ஒரு கட்டிலைத் தள்ளிக்கொண்டு அறை மாறிப் போனார்கள். கண்ணாடிக்கு அப்பால் சிவரஞ்சனியின் கால் மட்டும் தெரிந்தது. உள்ளே ரத்தம் கசிகிறது, மறுபடி திறந்து பார்க்க வேண்டும் என்று ஒரு நர்ஸ் வந்து சொல்லிவிட்டு ஓடினாள்.

டாக்டரம்மா இன்னும் கீழே இறங்கவில்லை. எதிர்ப் பக்கம் இருந்த ஆபரேஷன் அறைக்குள் நேராக நுழைந்துவிட்டார். இதயத்தைத் தாங்குகிற மெஷினைப் பக்கத்து அறையிலிருந்து உருட்டிக்கொண்டு போனார்கள். பாண்டிதுரை இரண்டு அறைக்கும் நடுவே சில அடிகளே இருந்த நடைவழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேல்சாமி மனதில் வந்தார். எங்கேயோ வெயிலில் குவாரியில் நிற்கும் அந்த மனிதரை நினைத்து அவர் கைகள் தானாகக் குவிந்தன.

அந்திக்குள் கசிவை நிறுத்திவிட்டார்கள். மெஷின் தேவைப்படவில்லை. பொழுது சாயும் வேளையில் இருளம்மாள் தன் வேலை முடிந்து ஆற்றைக் கடந்து வந்து சேர்ந்தார். அந்த வார்டில் அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் யாரும் அவரைத் தடுக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஈஸ்வரியின் தலையைத் தடவி, "போயி உம் புள்ளையப் பாருட்டி" என்றார்.

ஈஸ்வரி கட்டிலருகில் போய் நின்றாள். குழாய்களுக்கு நடுவே பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த நர்ஸைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "உதட்டுல என்னம்மா தடவியிருக்கீக?"

"ஒண்ணும் தடவலம்மா. அதுதான் அவ உதட்டு நிறம்."

ஈஸ்வரி அந்தச் சிவந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெற்ற மகளின் நிறம் அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இதெல்லாம் நடந்து காலம் ஆகிவிட்டது. மாற்றம் எல்லாருக்கும் சுலபமாக இருந்ததென்று சொல்ல முடியாது. தென்கரை வார்டில் கூட்டம் அதிகம். தெற்கே புளியங்குடி, தென்காசிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சும்மா பார்த்துவிட்டுப் போகவே ஒரு நாள் முழுக்கப் போய்விடுகிறது. ஆபரேஷன் முடிந்த பிள்ளைகளை ஊர்ப் பக்கத்திலேயே பார்க்க வழி செய்யுங்கள் என்று பாண்டிதுரை கேட்டுக்கொண்டே இருந்தார். டாக்டர் சேதுபதியைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டார். கலெக்டர் ஆபீஸில் கேட்டார். மில் முதலாளியையும் விட்டுவைக்கவில்லை. வெகு நாள் இழுத்தடித்த பிறகு மாதம் ஒரு நாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்ப்பது என்று ஆயிற்று. டாக்டர் சேதுபதி ரயிலில் வருகிறார். பாண்டிதுரை அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொள்கிறார். பிள்ளைகளுக்கு வரிசை ஒழுங்கு பண்ணுவதும், பயந்த தகப்பன்மார்களோடு டீக்கடைக்குப் போவதும் அவர் பொறுப்பு. வேல்சாமியும் ஆலங்குளத்திலிருந்து வந்துவிடுவார். வாசலில் நின்று, பஸ்ஸில் இறங்கி வரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியிலிருந்து ஈஸ்வரிக்குப் போன் வந்தது. யாராவது உடனே வந்து டீச்சரைப் பார்க்க வேண்டுமாம். ஈஸ்வரிக்கு யூனிட்டை விட்டு நகர முடியவில்லை. பாண்டிதுரை டவுன் பஸ் பிடித்துப் போனார்.

டீச்சர் கோபமாக இருந்தார். "சார், உங்க பொண்ணு வகுப்புல ஒரு நிமிஷம் உட்கார மாட்டேங்குறா. பெஞ்சு மேல ஏறிக் குதிக்கிறா. இன்னிக்கு விமல்ங்கிற பையனத் துரத்திப் பிடிச்சு முதுகுல ரெண்டு வச்சுட்டா. அவன் அம்மா வந்து என்னக் கேக்கிறாங்க. வீட்டுல நீங்க கண்டிக்கறதே இல்லையா?"

சிவரஞ்சனி பக்கத்தில் கையைக் கட்டி நின்றாள். தலைமுடி கலைந்து, வேர்த்து, கன்னம் சிவந்து இருந்தது.

"துரத்திப் பிடிச்சாளா?" என்று கேட்டார் பாண்டிதுரை.

"ஆமா சார். மைதானம் பூரா."

அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். தப்புத்தான், கண்டிக்கிறேன் என்றார். விமலின் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டார். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டாளத்து நடையில் பள்ளி வாசலைத் தாண்டி, தெருமுனை வரை போனார். அங்கே நின்றார்.

"ஏட்டி, உள்ளதச் சொல்லு. அவன் முன்னால ஓடுனானா, நீ முன்னால ஓடுனியா?"

"அவன்தான் மாமா முன்னால ஓடுனான். நான் எட்டிப் பிடிச்சுட்டேன்" என்றாள் சிவரஞ்சனி.

பாண்டிதுரை சுவரில் கை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். திட்டு விழும் என்று நின்ற பிள்ளை ஒன்றும் புரியாமல் மாமாவின் முகத்தையே அண்ணாந்து பார்த்தது.